ஒன்பது மணிக்கு வரும் மின்சாரம்

சென்னை
ஜூன் 10

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் நலமறிய ஆவல். கால் வெடிப்புக்கு வாங்கித் தந்த களிம்பைப் போடுகிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

போனில் தினமும் பேசுகிறோம் என்றுதான் பேர். "சாப்புட்டியா?" "சாப்புட்டேன். நீங்க?" "ஆச்சு." அதோடு முடிந்தது. கட்டுப்பாட்டு அறைக்குள் போகும்போது போனை வெளியே பெட்டியில் போட்டுவிட வேண்டும். நான் வேலை முடித்து எடுக்கும்போது நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் இனிக் கடிதம் எழுதுவோம் என்றேன். சிரிக்காமல் பதில் போடுங்கள்.

சொந்தக்காரர்களிடம் நீங்கள் "எம் பொண்டாட்டி கரண்டுக்கு ஜோசியம் பாக்குறா" என்று சொல்வதாக நம் மகள் சாதியா காலேஜ் விடுதியிலிருந்து போட்டுக்கொடுத்தாள். பெரிய தப்பில்லை. நாளைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று இன்றைக்கே சொல்ல வேண்டும். ஒரு நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் வெயில் எவ்வளவு தரும், காற்றாலை எவ்வளவு தரும், மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எவ்வளவு தரும் என்று பார்க்கிறோம். மிச்சத்தை நிலக்கரி தர வேண்டும். அதற்கும் மேலே போனால் வெளியில் வாங்க வேண்டும். நம் பக்கம் காற்று எழும்பினால் இங்கே திரையில் எண் ஏறும். வீட்டு முருங்கை ஆடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோட்டங்களுக்கு ராத்திரி பாதி, பகல் பாதி என்று கொடுக்கும் த்ரீ பேஸ் மின்சாரத்தை, வெயில் இருக்கும் காலை ஒன்பது முதல் மூன்று வரை மட்டும் கொடுத்தால் என்ன என்று நான் எழுதிக் கொடுத்தேன். ராத்திரியில் யாரும் டார்ச் அடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து மோட்டார் போடப் போக வேண்டாம். ஜூலை முதல் நம் ஊருக்கு வரும் மின்பாதையில், அதாவது பீடரில், சோதனை. பகலில் ஆள் தோட்டத்திலேயே இருப்பதால் அவரவர் வசதிப்படி போடுவார்கள், திரையில் லோடு காட்டும் கோடு மெல்ல மெல்ல ஏறும் என்று வரைந்து கொடுத்திருக்கிறேன், அதுதான் என் கணிப்பு. பக்கத்து இருக்கை சுந்தர்ராஜ், ஒன்பது அடித்ததும் சுவர் மாதிரி எகிறும் என்கிறார். மூன்று மாதம் என் கணிப்பு நின்றால், இதைப் பள்ளத்தாக்கு முழுக்கக் கொண்டுபோகத் தேனியில் ஒரு பதவி. அதற்கு என்னைத்தான் போடுவேன் என்று எங்கள் மேலதிகாரி ஞானசிகாமணி சார் சொல்லியிருக்கிறார். நிற்காவிட்டால் இன்னும் மூன்று வருஷம் சென்னைதான்.

துஆ செய்யுங்கள்.

உங்கள்
ருக்சானா


கம்பம்
ஜூன் 17

அன்பு ருக்சானாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் மூன்று ஆடுகளும். களிம்பு போடுகிறேன். ஆட்டுக்கும் கொஞ்சம் போட்டேன், அதற்கும் கால் சரியில்லை.

உன் கடிதத்தைத் தபால்காரர் என் கையில் கொடுக்காமல் டீக்கடையில் வைத்து, "என்ன ரியாசு, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டுவிட்டார். பொண்டாட்டி எழுதியது என்றேன். யாரும் நம்பவில்லை.

பன்னீர் திராட்சை பந்தலில் நன்றாகக் கட்டியிருக்கிறது. சாரல் மட்டும் அடித்துக் கெடுக்காமல் இருக்க வேண்டும். பகலில் மின்சாரம் என்றால் எல்லாருக்கும் சந்தோஷம்தான். மாயக்காள் அக்கா மட்டும், "பகல்ல மோட்டார் ஓடுனா நான் எப்ப நாடகம் பாக்குறது, ஒம் பொண்டாட்டிட்ட கேட்டுச் சொல்லுப்பா" என்கிறது. மூன்று மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

தேனி என்றால் வீட்டிலிருந்தே போய் வரலாம், இல்லையா? சும்மாதான் கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

ரியாசுதீன்


சென்னை
ஜூலை 7

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சரியில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

சுந்தர்ராஜ் சொன்னதுதான் நடந்தது. சுவர். மின்சாரம் வந்த அந்த நிமிஷமே எல்லா மோட்டாரும் ஒன்றாக இழுத்து, வோல்டேஜ் விழுந்து, லைனே நின்றுபோனது. மறுபடி கொடுத்தால் மறுபடி நிற்கிறது. முதல் வாரம் முழுக்க இதே கதை. ஊரில் எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மின்சாரம் வந்தால் மோட்டார் தானாக ஓடட்டும் என்ற ராத்திரிப் பழக்கத்தைப் பகலிலும் விடவில்லை. இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். விவசாயி வீட்டில் வாழ்க்கைப்பட்டும் எனக்குத் தோன்றாமல் போயிற்றே.

சார் திட்டவில்லை. "ஜூலை முடியட்டும் பாப்போம்" என்றார். அப்படியே போனால் பழையபடி ராத்திரி மின்சாரம்.

சாதியாவுக்குப் பரீட்சை. அவளுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

உங்கள்
ருக்சானா


கம்பம்
ஜூலை 12

அன்பு ருக்சானா,

ஸலாம். நலம். நீ அழுதிருப்பாய் என்று தெரியும். அழாதே.

நம் மோட்டார் ஆட்டோவில் இருந்ததா என்று மட்டும் கேட்காதே.

ஜனங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். கொஞ்சம் அவசரம், கர்ணன் வீடு வரை போக வேண்டியிருக்கிறது. மிச்சம் பிறகு.

ரியாசுதீன்


சென்னை
ஆகஸ்ட் 3

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மிக மிக நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கோடு படிந்துவிட்டது! ஜூலை கடைசி வாரத்திலிருந்து நான் வரைந்த மாதிரியே ஏறுகிறது. ஒன்பது மணிக்குக் கொஞ்சம், கால் மணி கழித்து இன்னும் கொஞ்சம், பத்தரைக்கு உச்சி, பிறகு மூன்று வரை சமதளம். ஒரு நாள்கூட லைன் நிற்கவில்லை. சுந்தர்ராஜ் தன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எனக்குக் காபி வாங்கித் தந்தார். நான்தான் சொன்னேனே, பகல் வெளிச்சம் பழகிவிட்டால் மனிதர்கள் அவரவர் நேரத்துக்குத்தான் மோட்டார் போடுவார்கள் என்று.

இப்போது காற்றுக் காலம் வேறு. காற்றாலைகள் கொட்டுகின்றன. அணையில் தண்ணீர் திறந்திருப்பதால் மலையடிவார மின்நிலையமும் ஓடுகிறது. நிலக்கரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறோம். இந்த வேலையில் இப்படி ஒரு மாதம் வாய்ப்பது அபூர்வம்.

போன கடிதத்தில் கர்ணன் வீட்டுக்குப் போவதாக எழுதியிருந்தீர்களே, எந்தக் கர்ணன்? வரப்புத் தென்னைக்காக மூன்று வருஷம் பேச்சு வார்த்தை இல்லாத நம் கர்ணனா?

உங்கள்
ருக்சானா


கம்பம்
ஆகஸ்ட் 14

அன்பு ருக்சானாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நானும் இரண்டு ஆடுகளும் நலம். தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. கொஞ்ச நாளாகப் பேச்சு அதிகம்.

அதே கர்ணன்தான். ஊர் டிரான்ஸ்பார்மரில் பெரியது அவன் தோட்டத்து ஓரம்தானே இருக்கிறது. ஒரு விஷயமாகப் போனேன். போனதும் முகத்தைத் திருப்பினான். பிறகு, "ஏலே, வந்தவன் நின்னுக்கிட்டே இருந்தா எப்புடி? இங்கன உக்காரு" என்றான். தென்னை பற்றி நான் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. இப்போது மாப்ளே மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் சாப்பாடு போட்டேன். காரணம் ஒன்றுமில்லை, ஆடு கொழுத்துவிட்டது. எலும்புக் குழம்பை நானே வைத்தேன். "ருக்சானா கைப்பக்குவம் வரல" என்று சாப்பிட்ட பிறகு சொல்கிறார்கள்.

உன் கோடு படிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

ரியாசுதீன்


சென்னை
செப்டம்பர் 1

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள். இப்போது எப்படி இருக்கிறது?

ஒரு விஷயம் என்னைக் குடைகிறது. போன வியாழக்கிழமை மட்டும் ஒன்பது மணிக்குக் கோடு மறுபடி எகிறியது. லைன் நின்றது. வெள்ளிக்கிழமை ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிட்டது. மழை இல்லை, திருவிழா இல்லை, முகூர்த்த நாளும் இல்லை. சார் காரணம் கேட்கிறார். அன்றைக்கு ஊரில் என்ன?

இன்னும் ஒரு மாதம்தான். அதற்குள் இப்படி ஒரு நாள் வந்துவிட்டதே என்று கவலை. சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்
ருக்சானா


சென்னை
செப்டம்பர் 9

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் வரவில்லை. போனில் கேட்டால் "திராட்சை லாரி வந்துருச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள்.

நேற்று சாதியா பேசினாள். "போன வாரத்துக்கு முந்தின வியாழன் அத்தா கோயம்புத்தூர் வந்தாகம்மா, முதல் நாளே வந்து ரூம் போட்டுத் தங்கி, விடுதிக்குப் பழமும் முறுக்கும் கொண்டாந்தாக" என்றாள். நீங்கள் ஊரில் இல்லாத ஒரே நாளில் கோடு எகிறியிருக்கிறது. கர்ணன், தொண்டை, ஆடு, சாப்பாடு எல்லாம் அப்போதுதான் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

வாய்க்காலில் மடை முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி, டிரான்ஸ்பார்மருக்கு டிரான்ஸ்பார்மர் மோட்டார் போட முறை வைத்திருக்கிறீர்கள். நான் வரைந்த கோடு எப்படி ஏறுமோ அப்படியே முறை. தினமும் காலையில் தோட்டம் தோட்டமாகப் போய் ஆட்டோவை அணைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். சரிதானே?

எனக்குக் கோபம் வருகிறது மச்சான். என் கணிப்பு பலிக்கவில்லை. அது பலித்த மாதிரி நீங்கள் ஊரை நடத்தியிருக்கிறீர்கள். நானும் சுந்தர்ராஜிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோட்டை நம்பி நாளைக்குச் சின்னமனூரிலும் கடமலைக்குண்டிலும் பகல் மின்சாரம் கொடுத்தால், அங்கே ரியாசுதீன் யார்? டிரான்ஸ்பார்மர் எரியும், மோட்டார் காயில் போகும், பயிர் காயும். அவர்கள் யார் கழுத்தைப் பிடிப்பார்கள்?

இதை நான் சாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் தேனி போய்விடும்.

ருக்சானா


கம்பம்
செப்டம்பர் 13

அன்பு ருக்சானாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். உடம்பு நலம்.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. மறைத்தது தப்பு. ஆனால் செய்தது தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. சாரிடம் எழுதாதே. இன்னும் இருப்பது இரண்டரை வாரம். யாருக்குத் தெரியப்போகிறது? நீ தேனிக்கு வந்துவிட்டால் சின்னமனூரையும் கடமலைக்குண்டையும் நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் ஆடு இருக்கிறது.

ஏன் செய்தேன் என்றால், எனக்கு நீ இங்கே வேண்டும். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்கிறேன். நன்றாக எல்லாம் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்தால் யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் டீக்கடைக்கே திரும்பிப் போகிறேன். உன் படிப்புக்கும் வேலைக்கும் குறுக்கே நிற்கக் கூடாதென்று இதை எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

கோபம் ஆறியதும் பதில் போடு.

ரியாசுதீன்


சென்னை
செப்டம்பர் 18

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் லீவு போட்டேன். கோபம் ஆறிவிட்டது. ஆனாலும் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அந்தப் பதவிக்கு வந்தால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சோறு இறங்காது.

ஆடு அறுத்தது வரை சொன்னேன். சார் ஜூலை மாதக் கோட்டைத் திரையில் வரவழைத்துப் பார்த்தார். பிறகு, "ஒங்க வீட்டுக்காரர் இல்லாம ரெண்டு வாரம் அந்த பீடர் எப்புடி ஓடுதுன்னு பாப்போம். அதுக்கப்புறம் மூடுறதா நடத்துறதான்னு முடிவு பண்றேன்" என்றார்.

நீங்கள் ஊரில் இருந்துகொண்டு சும்மா இருப்பீர்கள் என்று நான் நம்பத் தயாரில்லை. அதனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வாருங்கள். திராட்சையை, தோட்டத்து வேலைக்கு வரும் மாரீஸ்வரி பார்த்துக்கொள்ளட்டும். யாரிடமும் முறை பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கர்ணனிடமும் கூடாது. இது சத்தியம் மாதிரி.

வரும்போது வீட்டு முருங்கைக்காய் கொண்டு வாருங்கள். இங்கே விற்பதில் சதையே இல்லை.

உங்கள்
ருக்சானா


கம்பம்
அக்டோபர் 1

சென்னையில் சம்சாரத்தோடு சௌக்கியமாக இருக்கும் ரியாசு மாப்ளைக்குக் கர்ணன் எழுதுவது.

இங்கே யாவரும் சுகம். தங்கச்சி ருக்சானாவும் சுகம்தானே? உன் போன் எப்போது போட்டாலும் அணைத்துக் கிடக்கிறது. அதனால் மாரீஸ்வரியிடம் விலாசம் வாங்கி எழுதுகிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். நீ போன மறுநாளே ஊர் பழைய குணத்துக்குப் போய்விட்டது. ஒன்பது மணிக்கு எல்லா மோட்டாரும் உறுமி, என் தோட்டத்து டிரான்ஸ்பார்மரில் பீயூஸ் பட்டாசு மாதிரி வெடித்தது. இரண்டாம் நாளும் அதே கூத்து. ஈஸ்வரபாண்டி மோட்டாரில் காயில் போய்விட்டது. அவன் என் சட்டையைப் பிடித்தான், நான் அவன் சட்டையைப் பிடித்தேன். மாயக்காள்தான் நடுவில் வந்து, "அந்த ரியாசு இருந்தா இப்புடி ஆகுமாடா? அவன் பொண்டாட்டிக்காக அலைஞ்சான். நீங்க ஒங்க மோட்டாருக்காகவாச்சும் அலையக் கூடாதா?" என்று கேட்டது. இரண்டு பேரும் சட்டையை விட்டோம்.

சாயங்காலமே எல்லா டிரான்ஸ்பார்மர்காரர்களும் ஊர் மந்தைத் திடலில் கூடினோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், பிறகு அவர்களே வந்தார்கள். நீ வைத்த முறை சரியில்லை மாப்ளே. வாழைக்காரனை முதலில் விட்டு நெல்லுக்காரனைக் காக்க வைத்திருந்தாய். அதை மாற்றிவிட்டோம். வாரம் ஒரு டிரான்ஸ்பார்மர் முன்னால் போகும். ஆட்டோ போட்டு மாட்டுகிறவன் அன்றைக்குக் கடைசி. மூன்றாம் நாளிலிருந்து இன்று வரை ஒரு பீயூஸ் போகவில்லை. நீ வந்து எதையும் திருத்தாதே.

அந்தத் தென்னையை நீயே வைத்துக்கொள். காய்ப்பும் சரியில்லை.

இப்படிக்கு,
கர்ணன்


சென்னை
அக்டோபர் 12

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது போனில் தெரிந்தது. முழங்கால் வலி எப்படி? நான் நலம்தான், ஆனால் நீங்கள் போனதிலிருந்து வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. இந்த இரண்டு வாரமும் நீங்கள் பேசிய பேச்சு, பாவம் மனுஷன் நாலு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு அறிக்கை கொடுத்தேன். என் முதல் கணிப்பு தப்பு என்று முதல் வரியிலேயே எழுதினேன். மின்சாரத்தைப் பகலுக்கு மாற்றினால் போதாது. ஒவ்வொரு ஊரிலும் ஆளைப் பார்த்துப் பேசி, அவர்களே முறை வைத்துக்கொள்ளும் வரை கூட நிற்க வேண்டும். அவர்கள் வைத்த முறைதான் நிலைக்கும் என்றும் எழுதினேன். கர்ணன் அண்ணன் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். சார் அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

பிறகு, "தப்பை இப்படி எழுதிக் குடுக்குற ஆளை நான் தேனிக்கு அனுப்ப மாட்டேம்மா. இங்கயே கணிப்புப் பிரிவை ஒங்க பொறுப்புல விடுறேன். சம்பளமும் கூடும். தேனிக்கு சுந்தர்ராஜ் போகட்டும்" என்றார். பெரிய பதவிதான் மச்சான். இங்கே எல்லாரும் ஆசைப்படுவது. சுந்தர்ராஜ் முகமே வாடிவிட்டது.

நான் அதை வேண்டாம் என்றேன். "ஏன், தேனியில அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு ஆபீஸ் பேச்சு வரவில்லை. நம் ஊர்ப் பேச்சுத்தான் வந்தது. "அங்கன எங்க வீட்டுக்காரர் இருக்காக சார். தனியா சோறு வடிச்சுச் சாப்புடுறாக. எனக்கு அவுக கூட இருக்கணும்" என்றேன். அறையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை.

சார் பேனாவை எடுத்து, தேனி உத்தரவில் என் பெயரை எழுதினார்.

உங்கள்
ருக்சானா